அணுவும் பரமாணுவும்: ஒரு மாணவியின் வினா

முப்பது ஆண்டுகளுக்கு முன் நான் மேல்நிலைப் பள்ளியொன்றில் தமிழாசிரியனாகப் பணியாற்றி வந்தேன். ஒருநாள் மணிமேகலையின் சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதையைப் பற்றி மாணவர்களுக்குக் கூறிக்கொண்டிருந்தேன். நிகண்டவாதி தன் கொள்கையை எடுத்துரைக்கும் பகுதியில் பரமாணு என்னும் சொல் வருகிறது. நம் சமயத்தவர் பொருள்களின் நுண்மையை அத்தனைக் காலத்திற்கு முன்பே ஆராய்ந்தார்கள் என்னும் பெருமிதம் அன்று என்னை ஆட்கொண்டது. பரமாணுக்கள் ஒன்றோடொன்று பிணைவதற்கு ஸ்நிக்தம் (நெய்ப்பு), ரூக்ஷம் (வறட்சி) என்னும் இரு தன்மைகளை நம் ஆசாரியர்கள் காரணமாகக் கூறியுள்ளனர். "இன்றைய அறிவியலார் கூறும் நேர்மின்னூட்டமும் எதிர்மின்னூட்டமும் இவையே. எலக்ட்ரானையும் புரோட்டானையும் நம் முன்னோர் அன்றே கண்டுவிட்டனர்" என்று முழங்கினேன்.

அறிவியல் பிரிவு மாணவி ஒருத்தி எழுந்து நின்றாள். "ஐயா, அப்படியென்றால் நியூட்ரான் எது?" என்று கேட்டாள். கேலியாக அன்று, அறியும் விருப்பத்தோடு கேட்டாள். என்னிடம் விடை இல்லை. "அடுத்த வகுப்பில் சொல்கிறேன்" என்றேன். அந்த அடுத்த வகுப்பு வரவேயில்லை. அவள் பள்ளிப் படிப்பை முடித்துச் சென்றுவிட்டாள். நானும் பணி ஓய்வு பெற்றேன். ஓய்வுக்குப் பின், உடன் பணியாற்றிய இயற்பியல் ஆசிரியர் ஒருவரின் துணையோடு அணுவின் வரலாற்றைப் படிக்கலானேன். அந்த வினாவுக்கு நான் அன்றே தந்திருக்க வேண்டிய விடையே இக்கட்டுரை.

ஒரு சொல், இரு பொருள்

முதலில் 'அணு' என்னும் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். உமாசுவாமி ஆசாரியரின் தத்துவார்த்த சூத்திரம் புத்கலத்தை அணு, ஸ்கந்தம் என இருவகையாகப் பிரிக்கிறது. பகுக்க இயலாத கடைசி அலகு அணு. அணுக்கள் கூடிய தொகுதி ஸ்கந்தம்.

மேலை நாட்டில், பிளவுபடாதது என்னும் பொருளுடைய 'அட்டோமோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'ஆட்டம்' என்னும் சொல் பிறந்தது. இங்கிலாந்தின் ஜான் டால்டன் 1808-இல் வெளியிட்ட நூலில், ஒவ்வொரு தனிமத்திற்கும் தனித்தனி எடையுடைய பிளவுபடாத துகள்கள் உண்டு என்று கூறி இச்சொல்லை வேதியியலில் நிலைநிறுத்தினார். தமிழில் அறிவியல் எழுதியோர் அதற்கு 'அணு' என்னும் பழஞ்சொல்லை எடுத்துக்கொண்டனர். அதனால் ஒரே சொல் இரு வேறு பொருள்களைச் சுமக்கலாயிற்று. என் பிழைக்கு வித்திட்டது இதுவே. டால்டனுக்கு ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின், பிளவுபடாதது என்று பெயர் பெற்ற அது பிளவுபட்டது.

எலக்ட்ரான்

காற்றை வெளியேற்றிய கண்ணாடிக் குழாயினுள் உயர் மின்னழுத்தத்தைச் செலுத்தினால் எதிர்மின் தகட்டிலிருந்து ஒருவகைக் கதிர் கிளம்பும். அதற்குக் கேதோடு கதிர் என்று பெயர். அது ஒளியைப் போன்ற அலையா, துகள்களின் ஓட்டமா என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பெரும் வழக்காக இருந்தது. ஜெர்மனியின் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் அக்கதிரை மின்புலத்தில் செலுத்திப் பார்த்தார். அது வளையவில்லை. எனவே அது துகளாக இருக்க இயலாது என்று கருதினார்.

கேம்பிரிட்ஜ் கேவண்டிஷ் ஆய்வகத்தின் தலைவர் ஜே. ஜே. தாம்சன், குழாயில் எஞ்சியிருந்த வாயுவே கதிர் வளையாமைக்குக் காரணம் என்று கண்டார். வாயுவை மேலும் வெளியேற்றியபோது கதிர் வளைந்தது. வளைந்த திசை அதற்கு எதிர்மின்னூட்டம் உண்டு என்பதைக் காட்டியது. அத்துகளின் மின்னூட்டத்திற்கும் நிறைக்கும் உள்ள விகிதத்தை அவர் அளந்தார். தகட்டின் உலோகத்தை மாற்றினாலும், குழாயிலுள்ள வாயுவை மாற்றினாலும் அந்த விகிதம் மாறவில்லை. மேலும், அது ஹைட்ரஜன் அயனிக்குரிய விகிதத்தைவிட ஆயிரம் மடங்கிற்கும் மிகுதியாக இருந்தது. எல்லாப் பொருள்களிலும் பொதுவாக உள்ளதும் அணுவினும் மிகச் சிறியதுமான ஒரு துகள் உண்டு என்று 1897-இல் அவர் அறிவித்தார். 1891-இல் ஜார்ஜ் ஜான்ஸ்டன் ஸ்டோனி மின்னூட்டத்தின் அடிப்படை அலகுக்கு இட்டிருந்த 'எலக்ட்ரான்' என்னும் பெயர் பின்னர் இத்துகளுக்கு நிலைத்தது.

விகிதம் கிடைத்தது, மின்னூட்டம் துல்லியமாகக் கிடைக்கவில்லை. சிகாகோவில் ராபர்ட் மில்லிகனும் அவருடைய மாணவர் ஹார்வி பிளெட்சரும் 1909 முதல் இம்முயற்சியில் ஈடுபட்டனர். நுண்ணிய எண்ணெய்த் துளிகளை இரு மின்தகடுகளுக்கிடையே மிதக்கவிட்டு, அவை ஏறி இறங்கும் வேகத்தை உருப்பெருக்கி வழியே கணக்கிட்டனர். துளி எதுவாயினும் அதன் மின்னூட்டம் ஒரு குறிப்பிட்ட சிற்றளவின் முழு எண் மடங்காகவே இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று இருந்ததேயன்றி ஒன்றரை என்று இருந்ததில்லை. காற்றின் பாகியல் தன்மைக்கு அவர் கையாண்ட அளவு சற்றுப் பிழையானது. அதனால் மில்லிகன் 1913-இல் வெளியிட்ட மதிப்பு இன்றைய மதிப்பைவிட ஏறத்தாழ 0.6 விழுக்காடு குறைவாக அமைந்தது. பின்வந்தோர் அதைத் திருத்தினர்.

அணுக்கரு

எலக்ட்ரான் எதிர்மின்னூட்டம் உடையது. ஆனால் பொருள்களோ மின்னூட்டமற்றவை. அப்படியாயின் அணுவினுள் நேர்மின்னூட்டம் எங்கே இருக்கிறது? தர்ப்பூசணியின் சதை முழுதும் பரவியிருப்பதுபோல நேர்மின்னூட்டம் அணு முழுதும் பரவியிருக்கிறது, விதைகள்போல எலக்ட்ரான்கள் அதில் பதிந்துள்ளன என்பது தாம்சனின் கருத்து.

நியூசிலாந்தில் பிறந்து மான்செஸ்டரில் பேராசிரியராக இருந்த எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டு இதனைச் சோதிக்க முனைந்தார். அவருடைய வழிகாட்டுதலில் ஹான்ஸ் கைகரும், இருபது வயதே நிரம்பிய எர்னஸ்ட் மார்ஸ்டனும் 1909-இல் மெல்லிய உலோகத் தகடுகளின்மீது ஆல்பா துகள்களைச் செலுத்தினர். பெரும்பாலானவை நேரே ஊடுருவிச் சென்றன. ஆனால் மிகச் சில, பல்லாயிரத்தில் ஒன்று என்னும் அளவில், வந்த பக்கமே திரும்பின. பரவிக் கிடக்கும் மின்னூட்டத்தால் இவ்வாறு திருப்ப இயலாது. நேர்மின்னூட்டமும் ஏறத்தாழ நிறை முழுதும் நடுவே ஒரு சிறு புள்ளியில் திரண்டிருக்க வேண்டும் என்று ரூதர்ஃபோர்டு 1911-இல் கணித்துரைத்தார். அதுவே அணுக்கரு. தங்க அணுவின் கருவை ஒரு கடுகளவு எனக் கொண்டால், அணு ஏறத்தாழ நூறடி அகலமுள்ள கோயில் திருச்சுற்றின் அளவினதாகும்.

கருவின் மின்னூட்டத்தை எண்ணிக் காட்டியவர் ஹென்றி மோஸ்லி என்னும் இளைஞர். தனிமங்கள் வெளியிடும் எக்ஸ் கதிர்களை 1913-இல் அவர் வரிசையாக அளந்தார். ஒரு தனிமத்திலிருந்து அடுத்த தனிமத்திற்குச் செல்லும்போது கருவின் மின்னூட்டம் சரியாக ஒன்று கூடுகிறது என்பதைக் கண்டார். கோபால்ட்டின் அணு எடை நிக்கலைவிடச் சற்று மிகுதி. எனினும் கோபால்ட்டு 27-ஆம் இடத்திலும் நிக்கல் 28-ஆம் இடத்திலும் நிற்பதன் காரணம் இதனால் விளங்கிற்று. தனிமத்தின் அடையாளம் எடை அன்று, அணு எண்ணே. முதல் உலகப் போரில் படையில் சேர்ந்த மோஸ்லி, 1915 ஆகஸ்ட் 10 அன்று கல்லிப்போலி போர்முனையில் குண்டு பாய்ந்து இறந்தார். அப்போது அவருக்கு வயது 27. உயிர்க்கொலையின் கொடுமையை எண்ணும்போதெல்லாம் இவரை நினைத்துக்கொள்கிறேன்.

புரோட்டான்

அதே போர்க்காலத்தில் ரூதர்ஃபோர்டு நைட்ரஜன் வாயுவில் ஆல்பா துகள்களைச் செலுத்தி ஆராய்ந்து வந்தார். இருட்டறையில் அமர்ந்து, துத்தநாக சல்பைடு பூசிய திரையில் தோன்றும் நுண்ணிய மினுக்கங்களைக் கண்ணால் எண்ணும் பணி அது. நைட்ரஜனிலிருந்து ஹைட்ரஜனின் கரு வெளிப்படுவதை அவர் கண்டு, 1919-இல் வெளியிட்டார். பிற தனிமங்களின் கருவினுள்ளும் ஹைட்ரஜன் கரு உறுப்பாக உள்ளது என்பது இதனால் புலனாயிற்று. 1920-இல் அதற்குப் 'புரோட்டான்' என்று பெயரிட்டார். முதலாவது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது இப்பெயர்.

அந்த 1920 நமக்கும் நினைவிற்கொள்ளத்தக்க ஆண்டு. குந்தகுந்த ஆசாரியரின் பஞ்சாஸ்திகாயத்தை நம் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து விளக்கத்தோடு பதிப்பித்தது அவ்வாண்டில்தான். பகுக்க இயலாத பரமாணுவைப் பேசும் நூல் உலகினர் கைக்குச் சென்ற அதே ஆண்டில், பகுக்கப்பட்ட அணுவின் உறுப்புக்குப் பெயர் சூட்டப்பட்டது. இரண்டும் ஒன்றையொன்று மெய்ப்பிக்கவுமில்லை, மறுக்கவுமில்லை. இரண்டும் வேறு வேறு வழியில் வேறு வேறு பொருளைப் பற்றிப் பேசின.

நியூட்ரான்

புரோட்டான் கிடைத்தபின்னும் ஒரு கணக்கு உதைத்தது. ஹீலியத்தின் கரு நான்கு புரோட்டான்களின் நிறை உடையது. ஆனால் அதன் மின்னூட்டம் இரண்டே. எஞ்சிய நிறை எதனுடையது? நான்கு புரோட்டான்களோடு இரண்டு எலக்ட்ரான்களும் கருவினுள் இருந்து, இரண்டு மின்னூட்டங்களை ஈடுசெய்கின்றன என்று அக்காலத்தார் கருதினர். ரூதர்ஃபோர்டு 1920-இல் இலண்டன் ராயல் சொசைட்டியில் ஆற்றிய உரையில், மின்னூட்டமற்ற ஒரு துகள் இருக்கக்கூடும் என்று கூறினார். அதைத் தேடும் பணியில் பல்லாண்டுகள் ஈடுபட்டவர் அவருடைய மாணவர் ஜேம்ஸ் சாட்விக்.

சாட்விக்கின் வாழ்க்கையும் போரால் அலைக்கழிக்கப்பட்டதே. 1914-இல் போர் மூண்டபோது அவர் ஜெர்மனியில் ஆய்வு செய்துகொண்டிருந்தார். பெர்லினுக்கு அருகே ரூலேபன் என்னும் குதிரைப் பந்தயத் திடலின் தொழுவங்களில், ஆங்கிலேயக் குடிமக்கள் பலரோடு நான்காண்டுகள் அடைத்து வைக்கப்பட்டார். அங்கும் அவர் சும்மா இருக்கவில்லை. அந்நாளில் ஜெர்மனியில் தோரியம் கலந்த பற்பசை விற்கப்பட்டது. அதை வரவழைத்து, அதன் கதிரியக்கத்தைக் கொண்டு சிறு ஆய்வுகள் செய்தார்.

1930-இல் ஜெர்மனியின் போத்தேயும் பெக்கரும், ஆல்பா துகள் தாக்கிய பெரிலியத்திலிருந்து ஊடுருவும் திறன் மிக்க கதிரொன்று வருவதைக் கண்டனர். 1932 ஜனவரியில் பாரிஸின் ஐரீன் கியூரி, ஃபிரெடரிக் ஜோலியோ தம்பதியர், அக்கதிர் பாரஃபின் மெழுகிலிருந்து புரோட்டான்களைத் தெறித்து விழச்செய்வதைக் கண்டனர். அதனைக் காமா கதிர் என்றே எண்ணினர். ஒளியின் இனத்தைச் சேர்ந்த கதிர் புரோட்டானை அத்தனை வேகத்தோடு தள்ள வேண்டுமாயின், அதற்குரிய ஆற்றல் எங்கிருந்து வரும் என்று சாட்விக் ஐயுற்றார். மெழுகோடு நில்லாமல் பிற பொருள்களையும் அக்கதிரின் முன் வைத்து, தெறித்த கருக்களின் வேகத்தை ஒப்பிட்டார். புரோட்டானின் நிறையை ஒத்த, மின்னூட்டமற்ற துகள் ஒன்று மோதினால் கணக்கு முற்றும் பொருந்தியது. 1932 பிப்ரவரியில் நியூட்ரான் இருக்கக்கூடும் என்று அடக்கத்தோடு அறிவித்தார். சான்றுகள் அதை விரைவில் உறுதிசெய்தன. 1935-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

முதலில் அவரும் நியூட்ரானைப் புரோட்டானும் எலக்ட்ரானும் நெருங்கிப் பிணைந்த ஒன்று எனவே எண்ணினார். 1934-இல் மாரிஸ் கோல்ட்ஹாபரோடு சேர்ந்து நியூட்ரானின் நிறையைச் செம்மையாக அளந்தபோது, அது ஹைட்ரஜன் அணுவின் நிறையைவிட மிகுதி எனத் தெரிந்தது. இரண்டு துகள்கள் பிணையும்போது நிறை சற்றுக் குறையுமேயன்றிக் கூடாது. எனவே நியூட்ரான் தனியொரு துகள் என்பது உறுதியாயிற்று. தம் கருத்தைத் தம் அளவையே மறுத்தபோது, சாட்விக் அளவையை ஏற்றார்.

மூன்றின் இயல்புகள்

முப்பத்தைந்து ஆண்டு முயற்சியில் அறியப்பட்டதைப் பள்ளிப் பிள்ளைகள் இன்று ஒரு பக்கத்தில் படிக்கின்றனர். எலக்ட்ரான் எதிர்மின்னூட்டம் ஓரலகு உடையது. புரோட்டான் நேர்மின்னூட்டம் ஓரலகு உடையது. நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை. புரோட்டான் எலக்ட்ரானைப் போல ஏறத்தாழ 1836 மடங்கு நிறை உடையது; நியூட்ரான் ஏறத்தாழ 1839 மடங்கு. நிறையில் இவ்வளவு வேறுபட்ட எலக்ட்ரானும் புரோட்டானும் மின்னூட்டத்தின் அளவில் மட்டும் சிறிதும் ஏற்றத்தாழ்வின்றி இருப்பது வியப்புக்குரியது. அந்தச் சமநிலையால்தான் நாம் தொடும் பொருள்கள் மின்னூட்டமின்றி இருக்கின்றன.

இவற்றின் பணிகளும் வேறு வேறு. புரோட்டான்களின் எண்ணிக்கை தனிமம் இன்னது என்பதை உறுதிசெய்கிறது. ஆறு புரோட்டான் இருந்தால் கார்பன், ஏழு இருந்தால் நைட்ரஜன். எலக்ட்ரான்களின் அமைப்பு, ஓர் அணு பிற அணுக்களோடு எவ்வாறு சேரும் என்பதை வகுக்கிறது. நியூட்ரான்களின் எண்ணிக்கை மாறினால் தனிமம் மாறாது, நிறை மாறும். அவ்வாறு வேறுபடும் அணுக்களே ஐசோடோப்புகள். கார்பன்-12 என்பதில் ஆறு நியூட்ரான்கள். தொல்பொருள்களின் காலத்தைக் கணிக்க உதவும் கார்பன்-14 என்பதில் எட்டு. ஒன்றையொன்று விலக்கும் புரோட்டான்களுக்கிடையே நின்று, அவற்றோடு வலிய அணுக்கருவிசையால் பிணைந்து, கரு சிதறாமல் காப்பதில் நியூட்ரானுக்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால் கருவைவிட்டுத் தனித்து வந்த நியூட்ரான் சராசரியாகப் பதினைந்து நிமிடத்திற்குள் சிதைந்து புரோட்டானாக மாறிவிடுகிறது.

மின்னூட்டமின்மை ஒரு குறை போலத் தோன்றும். அதுவே நியூட்ரானின் ஆற்றலுக்குக் காரணம். நேர்மின்னூட்டமுடைய ஆல்பா துகளைக் கரு விலக்கித் தள்ளுகிறது. நியூட்ரானுக்கு அத்தடை இல்லை. 1938 இறுதியில் நியூட்ரானால் யுரேனியக் கரு பிளவுபடுவது அறியப்பட்டது. ஏழாண்டு முடிவதற்குள் 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமா எரிந்தது. அதே நியூட்ரானைக் கோபால்ட்டின் கரு ஏற்றுக்கொள்ளும்போது கோபால்ட்-60 உண்டாகிறது. புற்றுநோயாளர் பலருக்குக் கதிர்மருத்துவம் அளிக்க அது பயன்பட்டு வருகிறது. கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் மின்சாரம் பிறப்பதும் நியூட்ரானின் செயலாலேயே. துகளுக்கு அறமும் இல்லை, மறமும் இல்லை. அது கையாள்வோரிடம் உள்ளது.

வரலாறு இங்கும் முடியவில்லை. 1964-இல் மரி கெல்மனும் ஜார்ஜ் சுவைக்கும் தனித்தனியே குவார்க்குகள் என்னும் உறுப்புகளை முன்மொழிந்தனர். புரோட்டானும் நியூட்ரானும் அவற்றால் ஆனவை என்பதற்கு 1968 முதல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் நடந்த ஆய்வுகள் சான்று தந்தன. நியூட்ரானின் சுழியம் வெறுமை அன்று; உள்ளே நேரும் எதிருமான மின்னூட்டங்கள் ஒன்றையொன்று ஈடுசெய்வதால் வந்த சுழியம் அது. எலக்ட்ரானுக்குள் உறுப்பு எதுவும் இதுவரை காணப்படவில்லை.

மாணவிக்கு விடை

இனி அவளுடைய வினாவுக்கு வருகிறேன். நம் நூல்களில் நியூட்ரான் எது? எதுவும் இல்லை. எலக்ட்ரானும் இல்லை, புரோட்டானும் இல்லை. அவற்றைச் சொல்வது அந்நூல்களின் நோக்கமும் அன்று.

நான் செய்த ஒப்பீடு அறிவியலுக்கும் பொருந்தாது, சூத்திரத்திற்கும் பொருந்தாது. ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும். தத்துவார்த்த சூத்திரமோ, நெய்ப்புடைய பரமாணு நெய்ப்புடைய இன்னொன்றோடும், தன்மையின் அளவு இரண்டு வேறுபட்டிருப்பின், பிணையும் என்கிறது. மேலும் நம் மரபில் பரமாணு ஒவ்வொன்றும் ஒரு நிறம், ஒரு சுவை, ஒரு மணம், இரு ஊறு உடையது. எலக்ட்ரானுக்கு நிறமோ சுவையோ கூறுவார் இல்லை. நம் சொல்வழக்கின்படி பார்த்தால், பிளவுபடும் அறிவியலின் அணு ஒரு ஸ்கந்தமே. புரோட்டானும் அவ்வாறே. பரமாணு இன்னது என்று எந்த ஆய்வகமும் சுட்டிக் காட்டியதில்லை.

இதனால் நம் ஆசாரியர்களின் பெருமை குறைந்துவிடாது. கருவிகள் இல்லாத காலத்தில், பொருளைப் பகுத்துக்கொண்டே சென்றால் எங்கே நிற்கும், பகுத்தவை எவ்வாறு சேரும் என்று கேட்டு, முரணின்றி ஒரு விடையை வகுத்தார்கள். அவ்வினாக்களின் கூர்மையே அவர்களின் பெருமை. அதற்கு எலக்ட்ரானைச் சான்றுக்கு அழைக்க வேண்டியதில்லை. இன்று அழைத்தால், நாளை அறிவியல் தன் கருத்தைத் திருத்திக்கொள்ளும்போது நம் ஆகமத்தையும் திருத்த வேண்டிய நிலை வரும்.

ஐந்து விரதங்களுள் வாய்மையும் ஒன்று. அறியாததை அறிந்ததாகக் கூறுவது, நல்ல நோக்கத்தோடு கூறினும், வாய்மை ஆகாது. ஓர் ஆசிரியனாக அன்று நான் அதைத் தவறினேன். நம் இல்லங்களில் இன்று பல பிள்ளைகள் அறிவியல் பயில்கின்றனர். சமய வகுப்பில் கேட்டதும் பள்ளியில் கற்றதும் மோதுவதாக அவர்கள் உணர்ந்தால், பெரும்பாலும் அதற்குக் காரணம் சமயமும் அன்று, அறிவியலும் அன்று. இரண்டையும் அரைகுறையாக இணைத்துப் பேசும் என் போன்றோரே காரணம். அவர்கள் வினவும்போது, தெரிந்தால் சொல்வோம். தெரியாவிடில் தெரியாது என்போம். பின்னர் தேடிப் படித்துச் சொல்வோம்.

அந்த மாணவி இன்று எங்கே இருக்கிறாளோ அறியேன். இம்மலர் அவள் கைக்கு எட்டுமாயின், அடுத்த வகுப்பு முப்பது ஆண்டு தாழ்ந்து தொடங்கியமைக்கு அவள் என்னைப் பொறுத்தருள வேண்டும்.